தோற்றவர் எழுதும் விலை

வாசகர் கேள்வி:

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். முப்பத்து நான்கு ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன். சுவரில் நாடா போட்டு ஒட்டிய ஒரு வாழைப்பழம் 62 லட்சம் டாலருக்கு ஏலம் போனது என்று படித்த அன்று எங்கள் வீட்டில் தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. என் மகள் ஓவியக் கல்லூரியில் படிக்கிறாள். "இது ஊரை ஏமாற்றுகிற வேலை" என்றேன். "உங்களுக்குக் கலை புரியாது அப்பா" என்றாள். அடுத்த ஆண்டு ஆஸ்திரிய ஓவியர் கிளிம்ட்டின் ஓவியம் ஒன்று 23 கோடி டாலரைத் தாண்டியபோது, தானே வரைந்ததுபோல் பெருமையாக வந்து சொன்னாள். ஒரு படம் அவ்வளவு பெறுமா? பெறும் என்றால் எப்படிக் கணக்கிடுகிறார்கள்? பெறாது என்றால் கோடீஸ்வரர்கள் எல்லோரும் முட்டாள்களா?

பி.கு.: புகழ்பெற்ற ஓவியங்களைப் பங்குகளாகப் பிரித்து விற்கும் ஒரு நிறுவனத்தின் விளம்பரம் வந்தது. ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியை அதில் போடலாமா? மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

கலைப்பொருள் மதிப்பீட்டாளரின் பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். ஊரை ஏமாற்றுகிற வேலை என்று மகளோடு மல்லுக்கட்டிக்கொண்டே, அதே வேலையில் பணம் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு வரவில்லை. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இந்த இரண்டு எண்ணங்களையும் ஒரே சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். பின்குறிப்புக்குக் கடைசியில் வருகிறேன்.

உங்கள் வீட்டுச் சண்டையில் நான் யார் பக்கமும் சேர முடியாது. நீங்களும் மகளும் செய்வது ஒரே தவறு. இருவருமே விலையை மதிப்பெண்ணாகப் படிக்கிறீர்கள். வாழைப்பழத்துக்கு நூற்றுக்கு நூறு போட்டுவிட்டார்களே என்று உங்களுக்கு ஆத்திரம். கிளிம்ட்டுக்கு நூற்றுக்கு நூறு கிடைத்ததே என்று அவருக்குப் பெருமை. ஏலக்கூடத்தில் விடைத்தாள் திருத்துகிறவர் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை, ஐயா.

பல ஆண்டுகளுக்கு முன் காலமான ஒரு முதியவரின் உடைமைகளை மதிப்பிடப் போயிருந்தேன். அவற்றில் ஒரு மூதாட்டியின் உருவப்படம் இருந்தது. வரைந்தவர் பெயர் தெரியவில்லை. முகம் பரவாயில்லை; கைகள் இரண்டும் கையுறையில் பஞ்சு அடைத்ததுபோல் இருந்தன. ஒரு சிறு தொகையை எழுதினேன். அதுவே தாராளம் என்று நினைத்தேன். ஏலத்தில் அது நான் எழுதியதைப் போல ஒன்பது மடங்குக்குப் போயிற்று. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. எந்தப் பெரிய ஓவியரின் கையை அடையாளம் காணாமல் விட்டுவிட்டேன் என்று பழைய ஏல அட்டவணைகளைப் புரட்டிக்கொண்டே இருந்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. படத்தில் இருந்தவர் அந்த வீட்டுப் பாட்டி. பேரனுக்கும் பேத்திக்கும் பல ஆண்டுகளாகப் பேச்சில்லை. இருவரும் வெவ்வேறு ஊரிலிருந்து தொலைபேசியில் ஏலம் கேட்டிருக்கிறார்கள். எதிரில் கேட்பது யார் என்று இருவருக்குமே தெரியாது.

பேத்தி வென்றார். ஆனால் விலையை எழுதியது பேரன். அவர் விடாமல் கேட்டதால்தான் தொகை அங்கே போய் நின்றது. அன்று அவர் காய்ச்சலில் படுத்திருந்தால் பேத்தி அதே படத்தை என் மதிப்பீட்டுக்கே எடுத்துக்கொண்டு போயிருப்பார். படத்தில் ஒரு தீற்றல்கூட மாறியிருக்காது.

பெரிய ஏலங்களிலும் இதே சங்கதிதான். வென்றவர் உள்ளுக்குள் எவ்வளவு வரை போகத் துணிந்திருந்தார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும். தோற்றவர் எந்த இடத்தில் தலையாட்டி மறுத்தார் என்பதுதான் வெளியே தெரிகிறது. அதற்கு ஒரு படி மேலே, ஏலம் முடிந்தது என்று சுத்தியல் விழுகிறது. உலகத்தில் எண்ணூறு கோடிப் பேர் அந்தப் படத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லலாம். இரண்டு பேர் வேண்டும் என்றால் போதும். அந்த இருவரும் ஒரே மாலையில், ஒரே மயக்கத்தில், போதுமான பணத்தோடு இருக்க வேண்டும். கணக்கு ஆசிரியரான உங்களுக்கு இது உறைக்கும்: இரண்டே இரண்டு அளவீடுகளை வைத்துக்கொண்டு எந்தச் சராசரியையும் நாம் நம்புவதில்லை. ஏலவிலையை மட்டும் நம்பிவிடுகிறோம்.

இதுவரை ஏலத்தில் போனவற்றில் ஆக விலை உயர்ந்த படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். லியோனார்டோ டா வின்சியுடையது என்று சொல்லப்படும் 'சால்வட்டோர் முண்டி', கையில் பளிங்குக் கோளம் ஏந்திய கிறிஸ்து. 2017 நவம்பரில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் நிறுவனம் அதை ஏலம் விட்டது. சுத்தியல் விழுந்தது 40 கோடி டாலரில். அதன்மேல் ஏல நிறுவனம் வாங்குபவரிடம் வசூலிக்கும் கட்டணம் 5 கோடிக்கும் மேல். மொத்தம் 45 கோடி டாலர். அதே மரப்பலகை 1958-ல் லண்டனில் 45 பவுண்டுக்குப் போயிருக்கிறது. 2005-ல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு சிறிய ஏலத்தில் 1,175 டாலருக்குப் போயிருக்கிறது. நடுவில் மாறியது என்ன? மேலே அப்பியிருந்த பிற்காலப் பூச்சைச் சுரண்டி எடுத்தார்கள்; சிதைந்த இடங்களைப் பழுதுபார்த்தார்கள்; சில நிபுணர்கள் 'இது குருவின் கையே' என்றார்கள்; 2011-ல் லண்டன் நேஷனல் கேலரி அதைத் தன் லியோனார்டோ கண்காட்சியில் மாட்டியது. வேறு நிபுணர்கள் இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. பட்டறைச் சீடர்கள்தான் பெரும்பகுதியும் வரைந்தது என்கிறார்கள். லியோனார்டோ வரைந்தவை என்று பெரும்பாலும் ஏற்கப்படும் ஓவியங்கள் இருபதைத் தொடுவதில்லை. அநேகமாக எல்லாமே அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அங்கிருந்து சந்தைக்கு வரப்போவதில்லை. எனவே ஏலக்கூடத்தில் விற்பனைக்கு இருந்தது ஒரு படம் என்பதைவிட, அந்தப் பெயரை வாங்கக் கிடைத்த கடைசி வாய்ப்பு என்பதுதான் சரி.

அட்டவணையில் ஓவியர் பெயருக்கு முன்னும் பின்னும் வரும் சின்னச் சின்னச் சொற்களைக் கவனித்துப் படிக்கும்படி என்னிடம் பயிற்சிக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்வேன். வெறும் பெயர் மட்டும் இருந்தால், அவரே வரைந்தது என்று நிறுவனம் நம்புகிறது என்று பொருள். 'அவருடையதாகக் கருதப்படுவது' என்றால் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். 'பட்டறை' என்றால் அவர் மேற்பார்வையில் சீடர்கள். 'வட்டம்' என்றால் அவரை அறிந்த யாரோ. 'பின்பற்றியவர்' என்றால் அவரை அறிந்திருக்கக்கூட வேண்டியதில்லை. 'பாணி' என்றால் நூறு ஆண்டு தள்ளிப் பிறந்தவராகவும் இருக்கலாம். படம் ஒன்றுதான். அந்த ஒரு சொல் மாறும்போது விலையில் சுழியங்கள் உதிர்கின்றன, அல்லது முளைக்கின்றன. பெர்லினில் 'பொன் தலைக்கவச மனிதன்' என்று ஓர் ஓவியம் இருக்கிறது. ரெம்பிராண்டின் உச்சங்களில் ஒன்று என்று தலைமுறைகளாகக் கொண்டாடப்பட்டது. 1980-களின் நடுவில் ஆய்வாளர்கள் அது ரெம்பிராண்டின் கை அல்ல, அவர் வட்டத்தைச் சேர்ந்த யாரோ வரைந்தது என்று முடிவுகட்டினார்கள். தலைக்கவசத்தின் மீது விழும் ஒளி அதற்கு முந்தின நாள் இருந்ததுபோலவே இருக்கிறது. நான் அதைத் தைரியமாக அழகு என்பேன். ஆனால் ரெம்பிராண்டின் விலையை அதற்கு என்னால் எழுத முடியாது.

பெயர் என்பது எவ்வளவு கனமான பொருள் என்பதற்கு உங்கள் மகள் பெருமைப்பட்ட கிளிம்ட் படத்திலேயே ஒரு கதை இருக்கிறது. 2025 நவம்பரில் சதபீஸ் ஏல நிறுவனம் 23.64 கோடி டாலருக்கு விற்ற அந்த ஓவியத்தில் நிற்பவர் எலிசபெத் லெடரர், வியன்னாவின் ஒரு யூதச் செல்வந்தரின் மகள். நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் குடும்பத்தின் கலைத்தொகுப்பைப் பறித்துக்கொண்டார்கள். தன் உண்மையான தந்தை யூதரல்லாத கிளிம்ட்தான் என்று எலிசபெத் உரிமை கோரினார். அவருடைய தாயும் அப்படியே உறுதிமொழி எழுதிக் கொடுத்தார். அதை ஏற்கும் ஆவணம் அதிகாரிகளிடமிருந்து கிடைத்தது. 1944-ல் நோயால் இறக்கும் வரை வியன்னாவிலேயே வாழ்ந்தார். ஓவியரின் பெயர் அவரைக் காப்பாற்றியது. இதைக் கேட்ட பிறகு அந்தப் படத்தைப் பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது, இல்லையா? வாங்குபவர் இதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறார். படம் யார் யார் கையைக் கடந்து வந்தது என்ற வரலாற்றை நாங்கள் 'உடைமை வரலாறு' என்போம். மதிப்பீட்டு அறிக்கையில் அதற்குத் தனிப் பக்கமே உண்டு.

எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கேட்டீர்கள். என் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரகசியம் என்று சொல்லக்கூடாது, அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும், யாரும் படிப்பதில்லை என்பதுதான் விஷயம். ஒரே படத்துக்கு ஒரே வாரத்தில் மூன்று வேறு தொகைகளை எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். காப்பீட்டுக்கு என்றால், படம் எரிந்துபோனால் ஈடான ஒன்றை உடனே ஒரு விற்பனையாளரிடம் போய் வாங்க எவ்வளவு ஆகும் என்று கணக்கு. அதுதான் உயர்ந்த தொகை. வாரிசு வரிக்கு என்றால், அவசரமில்லாத ஒருவர் விற்க, அவசரமில்லாத ஒருவர் வாங்கும் விலை. கடன்காரர்கள் வாசலில் நிற்க, மூன்று வாரத்தில் விற்றே ஆக வேண்டும் என்றால் இன்னொரு தொகை. முதல் தொகையில் பாதிகூடத் தேறாது. "இதில் எதுதான் உண்மை?" என்று ஒரு வாடிக்கையாளர் கோபமாகக் கேட்டார். மூன்றும் உண்மைதான். 'பெறுமா' என்ற சொல் தனியாக நிற்காது. யாருக்கு, எதற்காக, எந்தத் தேதியில் என்று மூன்று கால்கள் அதற்கு வேண்டும். உங்கள் கேள்வியில் அந்த மூன்றும் இல்லை. அதனால்தான் மகளோடு சண்டை முடிய மாட்டேன் என்கிறது.

தேதி என்ற காலைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். லாரன்ஸ் அல்மா-தடிமா என்ற விக்டோரிய ஓவியர் 'மோசே கண்டெடுக்கப்படுதல்' என்ற பெரிய ஓவியத்தை 1904-ல் முடித்தார். எகிப்தின் அஸ்வான் அணையைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ஜான் எய்ர்ட் அதற்காக 5,250 பவுண்டு கொடுத்தார். அந்தக் காலத்தில் பெரும் செல்வம். பிறகு ரசனை மாறியது. விக்டோரிய ஓவியம் என்றாலே கேலி. 1960-ல் ஏலத்துக்கு வந்தபோது 300 பவுண்டுகூட எட்டாமல் விற்காமலே திரும்பியது. 2010-ல் அதே படம் நியூயார்க்கில் 3.59 கோடி டாலருக்குப் போனது. இந்த மூன்று பேரில் யாருக்குக் கண் தெரியவில்லை என்று சொல்வது? 1960-ல் கைகட்டி உட்கார்ந்திருந்தவர்கள் முட்டாள்கள் என்று இப்போது எளிதாகச் சொல்லிவிடலாம். இன்றைக்குக் கோடிகளில் போகும் படங்களில் எவை 2080-ல் தூசியோடு திரும்பும் என்று கேட்டால் என்னிடம் சில பெயர்கள் உண்டு. சொன்னால் எனக்கு வேலை போய்விடும்.

இன்னொன்று: அறிவிக்கப்படும் விலை எல்லாம் கொடுக்கப்பட்ட விலை அல்ல. வான்கோவின் 'ஐரிஸ் மலர்கள்' 1987 நவம்பரில், பங்குச்சந்தை சரிந்த மூன்றே வாரத்தில், 5.39 கோடி டாலருக்குப் போய் உலகச் சாதனை படைத்தது. வாங்கியவர் ஆலன் பாண்ட் என்ற ஆஸ்திரேலியத் தொழிலதிபர். ஏலத் தொகையில் பாதியை ஏல நிறுவனமே அவருக்குக் கடனாகக் கொடுத்திருந்தது பின்னால்தான் வெளியே வந்தது. கடனை அவரால் அடைக்க முடியவில்லை. 1990-ல் படம் அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. அந்த விலை சொல்லப்படவே இல்லை. ஆக, உலகத்திலேயே உயர்ந்த விலை என்று எல்லோரும் மேற்கோள் காட்டிக்கொண்டிருந்த தொகையை யாரும் முழுதாகக் கொடுத்திருக்கவில்லை. அதைப் பார்த்து மற்ற வான்கோக்களின் மதிப்பீடுகள் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தன. இன்று பெரும்பாலான உயர்விலைப் படங்களுக்கு முன்கூட்டியே ஒரு குறைந்தபட்சத் தொகையை மூன்றாம் நபர் யாராவது உத்தரவாதம் செய்துவிடுகிறார். ஏலம் அதைத் தாண்டினால் அவருக்கும் ஒரு பங்கு. விற்பவர் நிர்ணயித்த ரகசிய அடிமட்ட விலையை எட்டும்வரை, ஏலம் விடுபவர் கூடத்தின் விளக்கைப் பார்த்து 'அங்கே ஒரு கை' என்று இல்லாத கேட்பைச் சேர்த்துக்கொண்டு போவதும் உண்டு. தொழிலில் அதைச் 'சரவிளக்குக் கேட்பு' என்போம். விதிகளுக்கு உட்பட்டதுதான். நாடகத்துக்கும் மேடை விதிகள் உண்டல்லவா?

வாழைப்பழத்துக்கு வருகிறேன். இத்தாலியக் கலைஞர் மவுரிசியோ கட்டெலானின் 'காமெடியன்'. 2019-ல் மயாமி கலைச்சந்தையில் முதல் இரண்டு பிரதிகள் தலா 1.2 லட்சம் டாலருக்கு விற்றன. மொத்தமே மூன்று பிரதிகள். 2024 நவம்பரில் ஒன்று ஏலத்துக்கு வந்தபோது எதிர்பார்த்தது 10 முதல் 15 லட்சம். போனது கட்டணத்தோடு 62 லட்சம். வாங்கியவருக்குக் கிடைத்தது பழம் அல்ல, ஐயா; ஒரு சான்றிதழும், எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில், எப்படி ஒட்டுவது என்ற குறிப்பும். பழம் அழுகினால் வேறொன்று வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். கிரிப்டோ நாணய வணிகரான அவர் ஹாங்காங்கில் செய்தியாளர்களைக் கூட்டிவைத்து அதைத் தின்றார். அன்று உலகத்தின் எல்லாப் பத்திரிகைகளிலும் அவர் பெயர் வந்தது. அதே அளவு இடத்தை விளம்பரமாக வாங்கப் போயிருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று அவரிடம் கணக்குப் போட ஆள் இருந்திருக்கும். எனக்கு அந்தப் படைப்பு பிடிக்குமா என்றால், நல்ல துணுக்கு ஒன்று பிடிப்பதுபோல் பிடிக்கும். இரண்டாம் முறை சொன்னால் பிடிக்காது. உங்கள் ஆத்திரத்தையும் சேர்த்துத்தான் அது விலை போயிற்று என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். யாரும் கோபப்படாத வாழைப்பழம் வெறும் வாழைப்பழம்.

கோடீஸ்வரர்கள் முட்டாள்களா என்றால், பெரும்பாலும் இல்லை. விகிதத்தைப் பாருங்கள். 1,000 கோடி டாலர் வைத்திருப்பவருக்கு 20 கோடி என்பது நூற்றில் இரண்டு. அந்த இரண்டைக் கொடுத்து, உலகில் வேறு யாரிடமும் இல்லாத ஒன்றையும், பணத்தால் மட்டும் நுழைய முடியாத அருங்காட்சியக அறங்காவலர் வட்டத்தில் ஒரு நாற்காலியையும், வங்கியில் அடகுவைத்துக் கடன் வாங்கக்கூடிய ஒரு சொத்தையும் அவர் ஒன்றாகப் பெறுகிறார். சில நாடுகளில் பின்னாளில் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்து வரிச்சலுகையும் வாங்கிக்கொள்ளலாம். சுங்க வரி இல்லாத கிடங்குகளில், ஆணியே காணாமல், பெட்டிக்குள் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் படங்கள் ஏராளம். அவற்றை வாங்கியவர்கள் ஓவியம் வாங்கவில்லை. பெட்டகம் வாங்கியிருக்கிறார்கள்.

முட்டாள்தனமும் இல்லாமல் இல்லை. ஜப்பானியத் தொழிலதிபர் ரியோய் சைட்டோ 1990 மே மாதம் வான்கோவின் 'டாக்டர் காஷே' ஓவியத்தை 8.25 கோடி டாலருக்கும், இரண்டு நாள் கழித்து பிரெஞ்சு ஓவியர் ரெனுவாரின் படம் ஒன்றை 7.81 கோடிக்கும் வாங்கினார். தான் இறந்தால் படங்களைத் தன்னோடு எரித்துவிடச் சொன்னதாகச் செய்தி வந்து உலகமே பதறியது. பிற்பாடு வேடிக்கையாகச் சொன்னது என்றார்கள். விரைவிலேயே ஜப்பானின் பொருளாதாரக் குமிழி உடைந்தது. 1996-ல் அவர் இறந்தார். படம் எரியவில்லை, கைமாறியது. ஆனால் அதன் பிறகு பொதுமக்கள் கண்ணில் படவே இல்லை. 1937-ல் நாஜிகள் அதைப் பறிமுதல் செய்யும் வரை வைத்திருந்த பிராங்க்பர்ட்டின் ஷ்டேடல் அருங்காட்சியகம், 2019-ல் வான்கோ கண்காட்சி நடத்தியபோது அந்த ஓவியத்தின் பழைய சட்டத்தை மட்டும் வெறுமையாக மாட்டிவைத்தது. பெரிய விலை ஒரு படத்துக்குச் செய்யக்கூடிய மிக மோசமான காரியம் எது என்று யாராவது கேட்டால் அந்த வெற்றுச் சட்டத்தைத்தான் காட்டுவேன். எட்டு கோடி அதிகமா குறைவா என்ற கேள்வியைவிட இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இனி உங்கள் மகளுக்கு ஒரு செய்தி, விருப்பமிருந்தால் படித்துக்காட்டுங்கள். அந்த 23 கோடியில் கிளிம்ட்டுக்கு ஒரு காசு கிடையாது. அவர் 1918-லேயே போய்விட்டார். உயிரோடு இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் இதே கதிதான். 1973-ல் நியூயார்க்கில் ராபர்ட் ஸ்கல் என்ற சேகரிப்பாளர் தன் தொகுப்பை ஏலம் விட்டார். ஓவியர் ராபர்ட் ரவுஷன்பெர்கின் படைப்பு, 1958-ல் 900 டாலருக்கு வாங்கிய ஒன்று, 85,000 டாலருக்குப் போனது. கூடத்திலேயே இருந்த ரவுஷன்பெர்க் ஏலம் முடிந்ததும் ஸ்கல்லின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். உன்னால்தான் என் புதிய படங்களும் விலை ஏறும் என்று ஸ்கல் சமாதானம் சொன்னாராம். இருவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பிரான்ஸ் 1920-லேயே மறுவிற்பனையில் ஓவியருக்கும் வாரிசுக்கும் ஒரு சிறு பங்கு என்று சட்டம் போட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்று அந்த உரிமை உண்டு, ஆனால் ஒரு விற்பனைக்கு 12,500 யூரோவுக்கு மேல் போகாது. அமெரிக்காவில் அதுவும் இல்லை. எனவே ஏலச் செய்தியைத் தன் தொழிலின் வெற்றியாக அவர் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வேறொரு தொழிலின் செய்தி. துல்லியமாகச் சொன்னால், என் தொழிலின் செய்தி.

இப்போது பின்குறிப்பு. போட வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் நீங்கள் காரணம் கேட்பீர்கள்.

விளம்பரத்தில் ஒரு வரைபடம் இருந்திருக்கும். கலைச்சந்தையின் கோடு மேலே, பங்குச்சந்தையின் கோடு கீழே. அந்தக் கோடு எதை வைத்து வரையப்பட்டது என்று பாருங்கள். மறுபடியும் ஏலத்துக்கு வந்து விற்ற படங்களை வைத்து. விலை ஏறிய படத்தைத்தான் மக்கள் மறுபடி ஏலத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இறங்கிய படம் மாடிப்படிக்குக் கீழே போகிறது. ஏலத்தில் விற்காமல் திரும்பிய படத்தைத் தொழிலில் 'எரிந்துவிட்டது' என்போம், அது சில ஆண்டுகள் தலைகாட்டாது. தேறிய மாணவர்களின் விடைத்தாளை மட்டும் எடுத்துப் பள்ளியின் சராசரியைச் சொல்வது போன்றது இது. வில்லியம் பாமோல் என்ற பொருளாதார அறிஞர் 1652 முதல் 1961 வரையிலான ஏலவிலைகளை அலசி 1986-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். விலைவாசி உயர்வைக் கழித்தபின் ஓவியங்கள் தந்த ஆண்டு வருவாய் நூற்றுக்குச் சராசரியாக 0.55. அதிலும் காப்பீடு, பாதுகாப்பு, தரகு எதுவும் கழிக்கப்படவில்லை. பிற்கால ஆய்வுகள் இதைவிட நல்ல எண்களைச் சொல்கின்றன என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அவற்றிலும் திருத்தங்கள் செய்யச் செய்ய எண் கீழேதான் இறங்குகிறது.

பங்காக வாங்கும்போது இன்னும் சில தொல்லைகள். வீட்டுச் சுவரில் மாட்ட முடியாது. வாடகை, வட்டி, ஈவுத்தொகை எதுவும் வராது. ஆண்டுதோறும் நிர்வாகக் கட்டணம் கழியும். லாபம் வந்தால் அதில் ஒரு பங்கு நிறுவனத்துக்கு. நஷ்டம் வந்தால் முழுவதும் உங்களுக்கு. படத்தை எப்போது விற்பது என்று முடிவு செய்யும் உரிமை பெரும்பாலும் உங்களிடம் இருக்காது. நடுவில் பணம் தேவைப்பட்டால் உங்கள் பங்கை வாங்க ஒருவர் கிடைக்க வேண்டும், அவரும் நல்ல விலை கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், அந்தப் படத்தை நிறுவனம் என்ன விலைக்கு வாங்கியது, உங்களுக்கு என்ன விலைக்குப் பிரித்துக் கொடுக்கிறது என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆவணத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். இல்லையென்றால் அதுவே பதில்.

எங்கள் தொழிலில் பெரிய படங்கள் சந்தைக்கு வர மூன்று காரணங்கள்தான் உண்டு என்று சொல்வார்கள்: மரணம், கடன், மணமுறிவு. யாரோ ஒருவரின் இக்கட்டில்தான் நல்ல விலைக்கு வாங்க வாய்ப்பு வருகிறது. அந்த இடத்தில் காத்திருப்பவர்கள் அதற்கென்றே வாழ்கிறவர்கள். அவர்கள் வேண்டாம் என்று விட்டது பங்காகப் பிரிந்து உங்கள் கைப்பேசிக்கு விளம்பரமாக வருகிறதோ என்று எனக்கு எப்போதும் ஓர் ஐயம் உண்டு.

உங்கள் கடிதத்தில் எண்கள் நிறைய இருக்கின்றன. வாழைப்பழத்தின் விலை, கிளிம்ட்டின் விலை, முப்பத்து நான்கு ஆண்டுகள். மகள் என்ன வரைகிறார் என்று மட்டும் ஒரு வரியும் இல்லை. எண்ணெய் வண்ணமா, நீர் வண்ணமா, கரிக்கோலா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். வீட்டுச் சுவரில் அவர் படம் எதையாவது மாட்டியிருந்தால், எந்த அறையில் என்றும்.